பழைய செங்கல் கட்டடங்களைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

என்னிடம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அதில் நான் முதன்முதலாக ஊர் சுற்றி எடுத்த படங்கள் முந்நூறுக்கு மேல் கிடக்கின்றன. எல்லாம் சிவப்புச் சுவர், வளைவு, ஜன்னல். பாதிக்கு மேல் எந்தக் கட்டடம் என்று எனக்கே தெரியாது. ஒரு ஜன்னல் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. அது கும்பகோணமா, தஞ்சாவூரா, சென்னையா என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. படம் அழகாக இருந்து என்ன பயன்? யாராவது கேட்டால் "ஏதோ பழைய கட்டடம்" என்றுதான் சொல்லவேண்டும்.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: படம் எடுப்பதும் குறிப்பு எடுப்பதும் ஒரே வேலை. இரண்டையும் அங்கேயே, அந்தச் சுவருக்கு முன்னாலேயே முடித்துவிடவேண்டும்.

உதாரணத்துக்குச் சென்னையையே எடுத்துக்கொள்கிறேன். பழகிக்கொள்ள இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஒரே நாளில் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் சென்ட்ரல், விக்டோரியா பப்ளிக் ஹால், எழும்பூர் ஸ்டேஷன், அருங்காட்சியக வளாகம், உயர் நீதிமன்றம் எல்லாம் இருக்கின்றன. சூளை, சூளைமேடு என்று செங்கல் சூளையின் பெயரிலேயே பேட்டைகள் உள்ள ஊர் இது.

எது செங்கல், எது இல்லை

கிளம்பும் முன் ஒரு எச்சரிக்கை. சிவப்பாக இருப்பதெல்லாம் செங்கல் இல்லை. வெள்ளையாக இருப்பதெல்லாம் கல்லும் இல்லை. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தேசியக் கலைக்கூடம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல் போலத் தெரியும். கிட்டே போனால் மணற்கல். முகப்பு ஆக்ராவுக்குப் பக்கத்திலுள்ள பதேபூர் சிக்ரியின் பெரிய வாசலை நினைவூட்டும். அதே சமயம், பளிச்சென்று வெள்ளையாக நிற்கும் ரிப்பன் மாளிகை (1913) உள்ளுக்குள் செங்கல்தான், மேலே பூச்சு. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலும் அப்படித்தான். அந்தப் பிரம்மாண்டமான தூண்களைக் கல் என்று நினைத்துத் தடவிப் பார்ப்பவர்கள் நிறைய. சுண்ணாம்புச் சுதையை அவ்வளவு வழவழப்பாக இழைத்திருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்கம் போங்கள். முகப்பை எல்லாரும் பராமரிப்பார்கள். பின்சுவரில், மழைநீர்க் குழாய்க்குக் கீழே, பூச்சு உதிர்ந்த ஓர் இடம் கட்டாயம் இருக்கும். கட்டடம் தன்னைக் காட்டிக்கொடுப்பது அங்கேதான்.

கையில் என்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். ஓரளவு நல்ல கைபேசி போதும். அதில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், இருப்பிடப் பதிவை ஆன் செய்யுங்கள், லென்ஸைச் சட்டை நுனியால் அல்லாமல் சுத்தமான துணியால் துடையுங்கள். ஒரு சின்ன நோட்டு, பென்சில், தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா. நாடா எதற்கு என்று பிறகு சொல்கிறேன். ட்ரைபாட் வேண்டாம். ட்ரைபாடை விரித்தாலே காவலாளி நம்மை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அதற்குத் தனி அனுமதி வேறு வாங்கவேண்டும்.

வெளிச்சம்: இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்

செங்கல் சுவருக்கு நேர் எதிரிலிருந்து வெயில் அடித்தால் சுவர் தட்டையாக, சிவப்புத் தாள் ஒட்டியதுபோல் தெரியும். பக்கவாட்டில், சுவரை உரசிக்கொண்டு வெயில் வந்தால்தான் ஒவ்வொரு செங்கல்லின் விளிம்பும், கல்லுக்குக் கல் நடுவில் பூசி ஒட்டிய காரையின் பள்ளமும் எழுந்து நிற்கும். ஆகவே "காலையில் போ, மாலையில் போ" என்ற பொதுவான அறிவுரை பாதிதான் உதவும். சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

சென்ட்ரல், விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை மூன்றும் பெரியார் ஈ.வெ.ரா. சாலையைப் பார்த்து நிற்கின்றன. அதாவது தெற்குப் பார்த்த கட்டடங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறையும். காலை ஏழிலிருந்து எட்டரை வரையும், மாலை நாலரைக்குப் பிறகும் வெயில் இந்த முகப்புகளைச் சாய்வாக உரசிக்கொண்டு போகும். அதுதான் நேரம். அதற்கு நடுவில் போனாலும் படம் வரும், உயிர் வராது.

இப்போது கோடைக்கு வருவோம். சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் பதினெட்டு வாக்கில் ஒன்று. நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோல் நட்டுக் காட்டுவார்களே, அது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அப்போது தெற்குப் பார்த்த சுவரில் ஏறக்குறைய நாள் முழுக்க நேர் வெயில் விழாது. லீவு கிடைத்தது என்று மே மாதத்தில் ரயிலேறி வந்து, சென்ட்ரல் முகப்பு மங்கலாக இருக்கிறது, பின்னால் வானம் வெளுத்துப்போகிறது என்று கைபேசியைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கைபேசி மேல் தப்பில்லை. அந்த மாதங்களில் முழு முகப்பை விட்டுவிட்டு, நிழலில் மென்மையாகத் தெரியும் வேலைப்பாடுகளை எடுங்கள். அல்லது வடக்குப் பக்கம் போங்கள்.

மழை விட்ட அரைமணி நேரமும் அருமையான நேரம். நனைந்த செங்கலின் நிறம் ஆழமாகும், தூசி அடங்கியிருக்கும். ஆனால் கைபேசி அந்தச் சிவப்பை ஆரஞ்சாக மாற்றப் பார்க்கும். வண்ணத்தை "வெயில்" என்ற அமைப்பில் நிறுத்திவிட்டு எடுங்கள்.

எடுக்கும் வரிசை

முதல் படம் எப்போதும் கல்வெட்டுதான். அடிக்கல் பலகை, திறப்புவிழாப் பலகை, தெருப் பெயர்ப் பலகை, கதவு எண், எது இருக்கிறதோ அது. அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை. படிக்க முடியவேண்டும், அவ்வளவே. பிறகு ஆயிரம் படம் எடுத்தாலும், பலகைப் படம் வந்த இடத்தில் ஒரு கட்டடம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். எழுத்து தேய்ந்திருந்தால் நேராக நின்று எடுக்காமல் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் மேலே வரும். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவாதீர்கள். அது கல்லைக் கெடுக்கும்.

அப்புறம் முழுக் கட்டடம். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, கிட்டே நின்றுகொண்டு கைபேசியை அண்ணாந்து பிடிப்பது. கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் ஆகிவிடும். செங்கல் கட்டடத்தில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் சுவர் முழுக்க நேர்கோடுகள். சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போங்கள். சென்ட்ரலுக்கு என்றால் அரசுப் பொது மருத்துவமனைப் பக்கம். இன்னும் இடம் வேண்டுமென்றால் எதிர்க் கட்டடத்தின் முதல் மாடி, நடைமேம்பாலம் என்று கொஞ்சம் உயரத்தில் ஏறுங்கள். பாதி உயரத்துக்கு ஏறினாலே கோடுகள் நிமிர்ந்துவிடும். அகலக் கோண லென்ஸைத் தவிர்த்து, பின்னால் போய் இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் எடுத்தால் விகிதம் சரியாக இருக்கும். மிச்சமிருக்கும் சாய்வை வீட்டில் மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம். அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எடுத்திருக்கவேண்டும்.

மூன்றாவது, நடுத்தூரம். ஒரு வளைவு, ஒரு ஜன்னல், ஒரு படிக்கட்டு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் கண் சொல்வதைக் கேளுங்கள்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. சுவரை ஒட்டி நின்று, செங்கலைப் படிப்பது.

செங்கலைப் படிப்பது

ஒரு வரியைப் பாருங்கள். கல்லின் நீள முகம் வெளியே தெரிகிறதா, குறுகிய முகம் தெரிகிறதா? ஒரு வரி முழுக்க நீள முகம், அதற்கு மேல் வரி முழுக்கக் குறுகிய முகம் என்று மாறி மாறி வந்தால் அதைக் கட்டடக்காரர்கள் இங்கிலீஷ் பாண்ட் என்பார்கள். ஒரே வரிக்குள் நீளம், குறுக்கு, நீளம், குறுக்கு என்று வந்தால் ஃப்ளெமிஷ் பாண்ட். இந்த அடுக்கு ஓரிடத்தில் திடீரென்று மாறினால் நின்று பாருங்கள். அங்கே ஒரு வாசலை அடைத்திருப்பார்கள், அல்லது பின்னால் ஒரு அறை சேர்த்திருப்பார்கள்.

அடுத்தது காரை. பழைய சுண்ணாம்புக் காரை வெளிர் நிறம், நகத்தால் லேசாகச் சுரண்டினால் பொடியும் (சுரண்டிப் பார்க்கவேண்டாம், உதிர்ந்து கிடப்பதைப் பாருங்கள்). சிமென்ட் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். பழைய சுவரில் சிமென்ட் பூசிய இடத்தைச் சுற்றிச் செங்கல் செதில் செதிலாக உரிந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், உப்பு பூக்கும், கல் உரியும். நல்லெண்ணத்தில் செய்த பழுதுபார்ப்பு சுவரைத் தின்னும் காட்சி இது. கட்டாயம் படமெடுங்கள்.

நாடா இங்கேதான். ஒரு கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து எழுதுங்கள்; நாடா தெரியும்படி ஒரு படமும் எடுங்கள். பத்து வரி எவ்வளவு உயரம் என்றும் அளந்துகொண்டால், மொத்த வரிகளை எண்ணிச் சுவரின் உயரத்தை நீங்களே கணக்குப் போடலாம். சங்க காலக் கற்கள் நம் வீட்டுக் கல்லைவிட நன்றாகவே பெரியவை. கீழடியில் பார்க்கலாம், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்திலும் பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே தோண்டியபோது, பல்லவர் காலக் கருங்கல் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்று வெளிப்பட்டது. முருகன் கோயில். நாயக்கர், மராட்டியர் காலக் கட்டடங்களுக்குப் போனால் கல் தட்டையாக, பலகைபோல் மெலிந்துவிடும். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய மொட்டைமாடியிலும், தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் சின்ன மெல்லிய கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்கியிருப்பார்கள். பழைய வீட்டுக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள்.

ஒருமுறை தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய சத்திரத்தின் பின்சுவரை இப்படி அளந்துகொண்டிருந்தேன். காவலுக்கு இருந்த பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன தம்பி, முன்னாடி அவ்வளவு அழகா இருக்கு, இங்க வந்து சுவத்த அளக்குறீங்க?"

"கல்லு எவ்வளவு கனம்னு பாக்குறேன் ஐயா."

"கனம் கெடக்கட்டும். இங்க வாங்க."

முட்டி உயரத்தில் ஒரு கல்லைக் காட்டினார். அதில் நாய்க்கால் தடம். நாலு விரலும் பதிந்து அழுத்தமாக இருந்தது. பச்சைக் கல்லாகக் காயவைத்திருந்தபோது மேலே நடந்துபோன நாய்; அப்படியே சூளைக்குப் போய், வெந்து, சுவரில் ஏறிவிட்டது. நான் அந்தச் சுவருக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருந்தேன். என் கண்ணில் படவில்லை.

ஆளும் அனுமதியும்

எனவே, காவலாளியைப் பார்த்து ஒளியாதீர்கள். முதலில் போய் வணக்கம் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். "சும்மா ஒரு போட்டோ" என்று சொன்னால் சந்தேகம் வரும். "இந்தக் கட்டடம் எப்போது கட்டியது என்று எழுதப்போகிறேன்" என்றால் பேச்சு வளரும்.

ஒரு அலுவலக வளாகத்தில் கேட்காமல் எடுத்துவிட்டு, ஒவ்வொரு படமாக அழிக்கவைக்கப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. தப்பு என்னுடையது. ரயில் நிலையங்களில் வெளியிலிருந்து முகப்பை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே பெரிய கேமராவோடு போவதென்றால் ரயில்வேயிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும். உயர் நீதிமன்றத்துக்குள் பாதுகாப்பு கடுமை, சாலையிலிருந்தே எடுங்கள். கோட்டை, துறைமுகம், நீதிமன்றம் இருக்கும் அந்தப் பகுதியில் ட்ரோன் என்ற எண்ணமே வேண்டாம். அருங்காட்சியகத்தில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆட்கள் குடியிருக்கும் வீடு என்றால், திண்ணையைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும்.

கதையைச் சரிபார்ப்பது

படத்துக்கு அடியில் எழுதும் வரலாறு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் யாரோ சொன்னது, அதைக் கேட்டு இன்னொருவர் எழுதியது. பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், மல்லிப்பட்டினம் அருகே கடற்கரையில் மனோரா நிற்கிறது. அறுகோணமாக, எட்டு அடுக்கு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. "வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதன் நினைவாக" என்று எங்கும் சொல்வார்கள். அங்கேயே பல மொழிகளில் கல்வெட்டு இருக்கிறது. அதிலுள்ள வருடம் 1814. வாட்டர்லூ நடந்ததோ 1815 ஜூனில். 1814 என்பது நெப்போலியன் முதல்தடவை பதவியிழந்து எல்பாத் தீவுக்குப் போன வருடம். கல்வெட்டைத் தெளிவாகப் படமெடுத்தவருக்கு இந்தக் குழப்பமே வராது.

எழும்பூர் ஸ்டேஷனிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். ஸ்டேஷன் இருப்பது காந்தி இர்வின் சாலை. அவர் பெயரைத்தான் சாலைக்கு வைத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். சாலையின் இர்வின் 1931-இல் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய். இவர் வேறு, அவர் வேறு.

இன்னொன்று. வடிவமைத்த வெள்ளைக்காரர் பெயர் எளிதாகக் கிடைத்துவிடும். கட்டியவர் பெயரைத் தேடி எழுதுங்கள். எழும்பூர் ஸ்டேஷனைக் கட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. விக்டோரியா பப்ளிக் ஹாலை வரைந்தவர் சிஷோம். எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம் என்று அவர் கைபட்ட சிவப்புக் கட்டடங்கள் ஊர் முழுக்க உண்டு. அவர்களுக்குக் கீழே வேலை பார்த்த கொத்தனார்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கே தேடுவது? எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அதே காந்தி இர்வின் சாலையில், தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதுவே ஒரு சிவப்புக் கட்டடம். கன்னிமாரா நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடியே என்றால் தமிழ் மின்னூலகம். கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்பதையும் தேடுங்கள். விக்டோரியா பப்ளிக் ஹாலில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது என்று தெரிந்த பிறகு, அந்த மாடி ஜன்னல்களை நீங்கள் எடுக்கும் விதமே மாறும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவையுங்கள். கோப்புப் பெயரில் தேதி, ஊர், கட்டடம், எந்தப் பக்கம் என்ற நான்கும் இருக்கட்டும். வண்ணத்தை ஏற்றாதீர்கள், செங்கல் தக்காளி நிறத்துக்குப் போனால் பார்ப்பவர் நம்பமாட்டார். படத்தைச் சின்னதாக்கும்போது செங்கல் வரிகளில் பட்டுப்புடவை போல் அலையலையாக ஒரு கோலம் தோன்றலாம். நெருக்கமான கோடுகளைச் சுருக்குவதால் வருவது. வேறு அளவில் சுருக்கிப் பாருங்கள், போய்விடும்.

குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "எழும்பூர் ரயில் நிலையம், காந்தி இர்வின் சாலைப் பக்க முகப்பு. வடிவமைப்பு ஹென்றி இர்வின், கட்டியவர் சாமிநாத பிள்ளை, திறப்பு 1908. படம் எடுத்தது தை மாதம், காலை 8.10." கண்ணால் பார்த்தது, கல்வெட்டில் படித்தது, காவலாளி சொன்னது என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள். காவலாளி சொன்னது தப்பாகவே இருந்தாலும் எழுதுங்கள், "அவர் சொன்னது" என்று.

சாதாரணமான படங்களை அழிக்காதீர்கள். சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட் என்று சிவப்பாக ஒரு சந்தை இருந்தது. 1985-இல் தீப்பிடித்துப் போயிற்று. இன்று அந்த இடத்தில் ரயில்வே கட்டடம். பழைய புத்தகம் வாங்கப் போனவர்கள் போகிறபோக்கில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் இன்றைக்கு அதன் மதிப்பே வேறு.

முதல் நாள் எங்கே போகலாம்

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்காலுக்குச் சென்ட்ரல் எதிரில் இருங்கள், போக்குவரத்து குறைவு. அங்கிருந்து மேற்கே நடந்தால் விக்டோரியா பப்ளிக் ஹால், ரிப்பன் மாளிகை. எட்டு மணி வாக்கில் எழும்பூர் ஸ்டேஷன். டிபன். ஒன்பதரைக்குமேல் அருங்காட்சியக வளாகம். மணற்கல்லையும் செங்கல்லையும் அடுத்தடுத்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். மதியம் ஓய்வு, வெயிலில் அலையவேண்டாம். நாலு மணிக்கு உயர் நீதிமன்றம். 1892-இல் திறந்தது. உயரமான கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். 1894-இலிருந்து 1970-கள் வரை கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டிய கலங்கரை விளக்கம் அதுதான். வெளிச் சுவரில் ஒரு சிறு பலகையும் இருக்கிறது: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் குண்டு வீசியதைச் சொல்வது. அதைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும்.

இருட்டியதும் பாரிமுனையில் ஒரு காபி. குறிப்புகளை அங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தால் எழுதமாட்டீர்கள். என் ஹார்ட் டிஸ்க்கே சாட்சி.